தெருவின் கடைசி முப்பது அடி

மதுரையில் ஜவுளி எடுக்கப் போகிறவர்களுக்கு விளக்குத்தூணைத் தெரியாமல் இருக்காது. அது யாருக்காக வைத்த தூண் என்று கேட்டால்தான் பலருக்குத் தெரியாது. 1830-களிலும் 40-களிலும் அங்கே கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் என்பவரின் நினைவாக வைத்தது. வரி வாங்கிய எத்தனையோ கலெக்டர்களை ஊர் மறந்துவிட்டது. இவரை நினைத்துக்கொண்டதற்குக் காரணம், கோட்டைச் சுவரை அவர் இடிக்க வைத்ததுதான்.

அந்தக் காலத்தில் ஊர் முழுக்கக் கோட்டைக்குள் நெருக்கியடித்துக் கிடந்தது. சுற்றிலும் மதில், மதிலுக்கு வெளியே அகழி. மதிலை இடித்து, அந்த மண்ணாலேயே அகழியைத் தூர்க்கிறவர்களுக்கு அங்கேயே இடம் தரப்படும் என்று அவர் அறிவித்தார். ஜனங்களே இடித்தார்கள், ஜனங்களே தூர்த்தார்கள். மதிலும் அகழியும் இருந்த இடத்தில் வெளி வீதிகள் வந்தன. வேலையை முன்னின்று நடத்தியவர்களின் பெயரில் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இன்றைக்கும் இருக்கின்றன. கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று ஒன்றுக்கு வெளியே ஒன்றாக இருந்த வீதிகளோடு இன்னொரு சுற்றும் சேர்ந்துகொண்டது.

நான் பிறந்தது தெற்கு மாசி வீதிக்கும் தெற்கு வெளி வீதிக்கும் நடுவே ஒரு சந்தில். சித்திரைத் திருவிழாவில் தேர் மாசி வீதிகளைச் சுற்றி வரும் நாளில் ஊரே அங்கே திரண்டு நிற்கும். வண்டி எதுவும் நகராது. ஆனால் எங்கள் வீட்டுக்குப் பால் வந்துவிடும், உறவுக்காரர்கள் வந்துவிடுவார்கள், பிரசவ வலி எடுத்தவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியும். பெரிய வீதி அடைபட்டால் சந்து இருக்கிறது, அந்தச் சந்தும் அடைபட்டால் அடுத்த சந்து இருக்கிறது. “கூட்டமா இருந்தா அடுத்த தெரு வழியா வா” என்பது எங்கள் அம்மா தினமும் சொன்ன வார்த்தை. எல்லா ஊரிலும் அடுத்த தெரு ஒன்று இருக்கும் என்றே நினைத்து வளர்ந்தேன்.

பிறகு சர்வேயர் வேலைக்கு வந்தேன். பெரும்பாலான காலம் சென்னைக்குத் தெற்கே, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில். முதல் பத்து வருஷம் நான் அளந்தது வயல். அதன் பிறகு அளந்ததெல்லாம் மனை. ஒரு நகரம் எப்படிப் பரவுகிறது என்பதைப் புத்தகத்தில் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் அதைச் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

அது இப்படித்தான் நடக்கும். ஓர் ஏரி, அதன் கீழே ஆயக்கட்டு. அதில் ஒவ்வொரு சர்வே எண்ணும் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர். வாய்க்கால் போன போக்குக்கு வரப்பு, வரப்பு போன போக்குக்கு எல்லை. ஒரு வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் வருகிறது, அல்லது அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிறார்கள். அந்த ஒரு துண்டு மட்டும் விற்பனைக்கு வருகிறது. வாங்கியவர் நடுவில் இருபதடியில் ஒரு ரோடு விட்டு, இரண்டு பக்கமும் மனை போட்டு, வாசலில் ஒரு வளைவு கட்டி, ஏதாவது ஒரு நகர் என்று பெயர் வைக்கிறார். ரோடு அவர் நிலத்தின் எல்லையில் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் இன்னும் நாற்று நிற்கிறது, அங்கே ரோடு எதற்கு?

எட்டு, பத்து வருஷம் கழித்து அந்த நாற்று நின்ற நிலமும் மனையாகிறது. அதற்குள் இந்தப் பக்கத்துத் தெருமுனையில் சுவர் எழும்பிவிட்டது. புதிதாக வந்தவர் தன் நிலத்துக்கு எது லாபமோ அப்படித் தெருவைப் போடுகிறார். அவர் தெருவும் சுவரில் வந்து முட்டுகிறது. இரண்டு தெருவும் ஒரே நேர்கோட்டில்கூட இல்லை, பதினைந்தடி தள்ளி நிற்கிறது. நாளை யாராவது சுவரை எடுத்தாலும் இந்தத் தெரு அந்தப் பக்கம் உள்ள ஒரு வீட்டின் வரவேற்பறைக்குள்தான் போகும். இப்படி முப்பது நகர்கள் சேர்ந்தால் அது ஒரு புறநகர். உள்ளே இருக்கும் ஒவ்வொரு தெருவும் முட்டுச்சந்து. எல்லாருக்கும் வெளியேற ஒரே ஒரு மெயின் ரோடு. அந்த மெயின் ரோடும் ஒரு காலத்தில் மாட்டு வண்டி போன ஏரிக்கரைப் பாதை.

வயலாக இருந்த காலத்தில் அங்கே வழி இருந்தது என்பதுதான் எனக்கு இன்றைக்கும் மனசை அறுக்கிறது. பழைய கிரயப் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். நான்கு எல்லை சொன்ன கையோடு, வண்டி வாகனங்கள் போகவர மாமூல் வழிநடை பாத்தியமும் சேர்த்து என்று எழுதியிருப்பார்கள். ஒருவன் அறுத்த நெல்லை அடுத்தவன் வரப்பு வழியாகத்தான் களத்துக்குத் தூக்கிப் போக முடியும். யாரும் யாரையும் மறிப்பதில்லை. மறித்தால் பஞ்சாயத்தில் கேள்வி வரும். நிலம் மனையான அன்றைக்கு அந்த வரி பத்திரத்திலிருந்து விழுந்துவிட்டது. சதுர அடிக்கு விலை வந்தது, வழிக்கு விலை வரவில்லை.

எவ்வளவு வேகத்தில் இது நடந்தது என்பதற்கு மக்கள்தொகைக் கணக்கே போதும். 2001-லிருந்து 2011 வரை பழைய சென்னை மாநகர எல்லைக்குள் கூடியது மூன்று லட்சம் பேர். பக்கத்துக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் கூடியது பதினோரு லட்சம் பேர். மடிப்பாக்கம், மேடவாக்கம் என்று நான் வரப்பில் நடந்த ஊர்களெல்லாம் அந்தக் கணக்குக்குள் போயின. 2011-ல் மாநகராட்சியின் எல்லையை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரித்தார்கள். மாநகராட்சி வந்து சேர்ந்தபோது வீடுகளும் தெருக்களும் ஏற்கெனவே இருந்தன. விளக்கு போடலாம், தார் போடலாம், குழாய் பதிக்கலாம். தெருவை அடுத்த தெருவோடு சேர்க்க மட்டும் இடமில்லை.

அந்தப் பக்கத்தில் ஒரு தெருமுனையில் பார்த்ததைச் சொல்கிறேன். ஆறடி உயரச் சுவர். நடுவே இடுப்பளவில் செங்கல் பெயர்ந்து ஓர் ஓட்டை. ஓட்டையின் விளிம்பு, ஆட்கள் உரசி உரசிச் சாணை பிடித்ததுபோல வழவழவென்று இருந்தது. பழைய சிமெண்ட்டுக்கு மேல் புதுச் சிமெண்ட், அதையும் பெயர்த்த தடம். அடைப்பதும் உடைப்பதுமாகப் பல முறை நடந்திருக்கிறது. அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஓர் அம்மா முதலில் பையை அந்தப் பக்கம் வைத்தார், பிறகு புடவையை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்து நுழைந்தார்.

“ஏம்மா, சுத்திப் போகக் கூடாதா? விழுந்து வைக்கப் போறீங்க.”

“ரேஷன் கடை அந்தாண்ட இருக்குய்யா. சுத்திப் போனா ஷேர் ஆட்டோவுக்குப் போக இருபது, வர இருபது. அரிசியை சும்மாதான் குடுக்கறாங்க. வழிக்குத்தான் காசு.”

இந்த ஒரு பதிலுக்குள் நகரத் திட்டம் முழுக்க இருக்கிறது என்பேன். கடை இருநூறு அடியில் இருக்கிறது. வழி ஒன்றரைக் கிலோமீட்டர். நடந்து போய்விடும் தூரத்தை வண்டி ஏறிப் போகும் தூரமாக்குவது அந்தச் சுவர். வண்டி உள்ளவர்கள் எல்லாரும் வண்டியை எடுக்கிறார்கள், அத்தனை வண்டியும் அதே மெயின் ரோட்டில் வந்து விழுகிறது. பிறகு மெயின் ரோட்டை அகலப்படுத்தச் சொல்லி மனு கொடுக்கிறோம். பஸ் உள்ளே வர முடியாது, வந்தால் திரும்ப முடியாது. குப்பை வண்டி பின்னோக்கியே வர வேண்டும். குடிநீர்க் குழாய்கூடத் தெருவோடுதான் போகிறது. தெரு முட்டினால் குழாயும் முட்டும். முனை வீட்டில் அழுத்தம் இருக்காது, வண்டல் தங்கும். கடைசி வீட்டுக்காரர் ஆயுசுக்கும் மோட்டாரோடு மல்லுக்கட்டுவார்.

இது நம் ஊரில் மட்டும் வந்த வினை என்று யாரும் நினைக்க வேண்டாம். கிறிஸ்டோபர் பாரிங்டன்-லீ, ஆடம் மில்லார்ட்-பால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைக் கணக்கெடுத்தே பார்த்தார்கள். ஒரு சந்திப்பில் எத்தனை தெரு கூடுகிறது என்பதுதான் அவர்கள் அளவுகோல். நாற்சந்திக்கு நான்கு, முச்சந்திக்கு மூன்று, முட்டுச்சந்துக்கு ஒன்று. 2015-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் புதிதாகப் போட்ட தெருக்கள் வரவர ஒன்றோடொன்று சேராமல் போயின என்றும், 1990-களின் நடுவில் அது உச்சத்துக்குப் போய்ப் பிறகு குறையத் தொடங்கியது என்றும் தெரிந்தது. உலகம் முழுவதையும் எடுத்து 2020-ல் அவர்கள் செய்த ஆய்வு சொன்னது வேறு. 1975-க்குப் பிறகு உலகத்தின் பல பாகங்களில் புதுத் தெருக்கள் மேலும் மேலும் துண்டுபட்டு வருகின்றன, மதில் கட்டிய குடியிருப்புகளுக்கு அதில் பங்குண்டு.

அமெரிக்காவில் அது தானாக நடக்கவில்லை. 1930-களில் வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்த அரசு அமைப்பு, கட்டம் கட்டமாகத் தெரு போடாதீர்கள், வளைத்துப் போடுங்கள், முட்டுச்சந்தாக முடியுங்கள் என்று படம் போட்டே காட்டியது. கடன் வேண்டுமென்றால் கேட்டுத்தானே ஆக வேண்டும். குழந்தைகள் பத்திரமாக விளையாடலாம், வேகமாக வண்டி வராது என்பது காரணம். ஒரு தலைமுறை கழித்துப் பார்த்தால் அந்தக் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகக்கூடக் கார் வேண்டியிருந்தது. 2009-ல் வர்ஜீனியா மாநிலம், பக்கத்துத் தெருக்களோடு சேராத புதுத் தெருக்களை மாநிலச் செலவில் பராமரிக்க மாட்டோம் என்று விதி கொண்டுவந்தது. விதி வந்தது நல்லது. ஆனால் அதற்கு முன்னால் போட்ட தெருக்களை அது ஒன்றும் செய்ய முடியாது.

முப்பது வருஷத்துக்கு மேல் நிலத்தை அளந்ததில் எனக்கு உறைத்தது இதுதான். வீடு முப்பது வருஷத்தில் இடிகிறது. ஓடு போய் மாடி வருகிறது, மாடி போய் அடுக்குமாடி வருகிறது. தெரு அப்படியே கிடக்கிறது. 1666-ல் லண்டன் எரிந்து சாம்பலானபோது, சில நாட்களுக்குள் கிறிஸ்டோபர் ரென் நேரான அகலத் தெருக்களோடு ஒரு புதுத் திட்டம் வரைந்து அரசரிடம் கொடுத்தார். ஊரே சாம்பலாகிக் கிடக்கிறது, தடுக்கச் சுவர்கூட இல்லை. ஆனாலும் அந்தத் திட்டம் நடக்கவில்லை. ஒவ்வொரு மனைக்கும் சொந்தக்காரர் இருந்தார். பெரும்பாலும் பழைய தெருக்களின் மேலேயே புது வீடுகள் எழுந்தன. நெருப்பாலேயே அழிக்க முடியாததை ஒரு லேஅவுட் போடுகிறவர் ஒரு மத்தியான வேளையில் பென்சிலால் தீர்மானித்துவிடுகிறார். எத்தனை பெரிய பொறுப்பு அது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

முட்டுச்சந்தில் குடியிருப்பவர்கள் என்னோடு வாதம் செய்வதுண்டு. அமைதி இருக்கிறது, திருட்டு பயம் இல்லை, மார்கழியில் தெருவடைத்துக் கோலம் போடலாம், பேரப்பிள்ளை சைக்கிள் பழகலாம் என்பார்கள். எல்லாம் உண்மைதான். குறுக்கு வழி தேடி நாற்பது மைல் வேகத்தில் வீட்டு வாசலைக் கடக்கும் வண்டிகளை யாரும் விரும்ப மாட்டார்கள். நான் கேட்பது வேறு. வண்டி வேண்டாமென்றால் இரண்டு கல் நடுங்கள், ஆளையும் சேர்த்து ஏன் மறிக்கிறீர்கள்? நடக்கிறவருக்கும் சைக்கிளுக்கும் நாலடி விட்டால் அமைதி எதுவும் கெட்டுப்போகாது. பகலில் நாலு பேர் நடக்கும் தெருவில் திருடனுக்குத்தான் சங்கடம்.

சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, பணத்தை விட்டுக்கொடுத்து வழி வைத்தவரையும் பார்த்திருக்கிறேன். தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு கிராமம். மூன்று ஏக்கர் நஞ்சை வைத்திருந்த பெரியவர், மகன்களின் வற்புறுத்தலால் மனை போடச் சம்மதித்தார். எல்லைக் கல்லைச் சரிபார்க்க நான் போயிருந்தேன். புரோமோட்டரின் ஆள் தரையில் வரைபடத்தை விரித்து, நாலு மூலையிலும் ஓட்டுச்சில் வைத்திருந்தார். ரோடு கடைசி மனைக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. பெரியவர் கையில் இருந்த குச்சியால் அந்த முனையைத் தொட்டார்.

“இங்க ஏன் நின்னுடுச்சு?”

“அதுக்கப்புறம் வேற ஆளு நெலங்க ஐயா. அங்க முப்பதுக்கு அறுபதுல ஒரு மனை போட்டுட்டா முக்கா கிரவுண்டு காசாயிடும்.”

“வரப்பு வரைக்கும் இழு.”

அந்த ஆள் மகன்களைப் பார்த்தார். மகன்கள் என்னைப் பார்த்தார்கள். பெரியவர் யாரையும் பார்க்கவில்லை. “இத்தனை வருஷம் நான் ஏர் ஓட்டிக்கிட்டுப் போனது அவன் வரப்பு மேலதான். அவன் அப்பன் ஒரு நாள் வேணாம்னு சொன்னதில்ல. நாளைக்கு அவனும் மனை போடுவான். அவன் புள்ள எந்தப் பக்கமாப் போவான்?” என்றார். அவ்வளவுதான் பேச்சு. ரோடு வரப்பு வரைக்கும் போனது. பல வருஷம் அந்த முனையில் புல்தான் முளைத்தது, மாடு கட்டினார்கள். பிறகு அடுத்த நிலம் மனையானபோது அந்தத் தெருவும் இதோடு வந்து சேர்ந்தது, அதற்கு அடுத்ததும் சேர்ந்தது. இப்போது அந்த வழியாக மினி பஸ் போகிறது. பெரியவர் அதைப் பார்க்க இல்லை.

எல்லாப் பெரியவர்களும் இப்படி இருப்பார்கள் என்று நம்பி ஒரு நகரத்தை விட்டுவிட முடியாது. அதற்குத்தான் சட்டம் வேண்டும். நம்மிடம் அது இல்லாமலும் இல்லை. 1920-லேயே சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு சில வருஷங்களில் மாம்பலத்து ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரைப் போட்டார்கள். ஏரியைத் தூர்த்ததை நான் மெச்ச மாட்டேன், ஒவ்வொரு மழைக்கும் அந்த இடம் தான் ஏரி என்று நினைவுபடுத்துகிறது. ஆனால் தெரு போட்ட விதத்தைப் பாருங்கள். பனகல் பூங்காவிலிருந்து நாலா பக்கமும் சாலைகள் பிரிகின்றன, அவற்றுக்கு நடுவே குறுக்குத் தெருக்கள். வீடு வருவதற்கு முன்னால் தெரு வந்தது. பங்களாக்களுக்காகப் போட்ட அதே தெருக்கள், நூறு வருஷம் கழித்து இத்தனை கடைகளையும் தீபாவளிக் கூட்டத்தையும் எப்படியோ தாங்குகின்றன. அண்ணா நகரும் கே.கே. நகரும் அப்படி முன்னதாகவே கோடு போட்டு வந்தவைதான்.

அங்கெல்லாம் நிலத்தை மொத்தமாக எடுத்துத் தெரு போட்டார்கள். இன்றைய விலைக்கு அது நடக்காது என்பார்கள். குஜராத்தில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். அகமதாபாத்தின் ஓரத்தில் ஒரு பகுதி நகரமாகப் போகிறது என்று தெரிந்தால், அங்குள்ள எல்லாருடைய நிலத்தையும் ஒரே வரைபடத்தில் சேர்க்கிறார்கள். ஒவ்வொருவரும் தெருவுக்கும் பூங்காவுக்கும் ஒரு பங்கை விடுகிறார்கள். கோணல்மாணலாக இருந்த நிலத்தைச் சீரான மனையாக்கி மீதியை அவரவருக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். நிலத்தின் அளவு குறைகிறது, மதிப்பு கூடுகிறது. யாரும் ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை. 1915-ல் பம்பாய் மாகாணம் போட்ட சட்டத்தின் வழியில் வந்த முறை இது. அகமதாபாத்தைச் சுற்றிப் போகும் 76 கிலோமீட்டர் வட்டச் சாலைக்கு இதே முறையில்தான் பெருமளவு நிலம் சேர்ந்தது.

நமக்கு இதில் அவசரம் இருக்கிறது. சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லையை 2022-ல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்திருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி இன்னும் வயலும் ஏரியும் தோப்புமாகத்தான் இருக்கிறது. தெரு எங்கே போகும் என்று தீர்மானிக்க வேண்டிய காலம் வரப்பு வரப்பாக இருக்கும்போதுதான். முதலில் ஏரியையும் வாய்க்காலையும் ஒதுக்கி வைத்துவிட்டு, பிறகு தெருக்களைக் கோடு போட்டு, கடைசியாக மனையை விற்க வேண்டும். நான் வேலை பார்த்த காலம் முழுக்க அது தலைகீழாக நடந்தது. 2016-ல் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று நிறுத்தியதும், மறு வருஷம் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்ததும் மனை வாங்கிய ஏழை எளியவர்களுக்குத் தேவையாக இருந்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வரன்முறை செய்வதால் மனைக்குத்தான் காகிதம் கிடைக்கும், முட்டிய தெரு திறக்காது.

மனை வாங்கப் போகும் பிள்ளைகள் என்னிடம் வந்தால், வில்லங்கம் பார்த்தாயா, மூலப்பத்திரம் பார்த்தாயா என்று கேட்பதோடு இன்னொன்றும் கேட்கிறேன். தெருவின் கடைசி வரைக்கும் நடந்து பார்த்தாயா? அங்கே சுவர் இருக்கிறதா, வரப்பு இருக்கிறதா? அடுத்த சர்வே எண்ணின் புலப்படத்தை வாங்கிப் பார், நம் தெரு அதில் எந்தப் பக்கம் போய்ச் சேரும் என்று கோடு போட்டுப் பார். ரோட்டையும் பூங்காவையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று கேள். கொடுத்திருந்தால் அந்தத் தெருமுனை பொதுச் சொத்து, அங்கே சுவர் எழுப்ப எவருக்கும் உரிமை கிடையாது. தெருக்குத்து இருக்கிறதா என்று பார்த்துப் பயப்படுகிறவர்கள் இதையும் ஒரு நிமிஷம் பார்க்கலாம்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் இப்போது இதே பேச்சுதான் ஓடுகிறது. எங்கள் மூன்றாவது தெருவின் முனைக்கு அப்பால் இருந்த தோப்பு மனையாகிவிட்டது. அங்கே வீடு கட்டியவர்கள் எங்கள் தெரு வழியாக ரயில்வே ஸ்டேஷனுக்கு நடக்கிறார்கள். சுவர் வைக்க வேண்டும் என்று ஒரு மனு சுற்றுகிறது, நிறையப் பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர், இரவு நேரத்து பைக் சத்தம் பொறுக்காமல் போட்டார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. பதிலாக ஒரு தாளில் வரைந்து கொடுத்திருக்கிறேன். நடுவில் மூன்று கருங்கல் தூண், ஒவ்வொன்றுக்கும் இடையே சக்கர நாற்காலி போகிற அளவு இடைவெளி, மேலே ஒரு தெருவிளக்கு. செலவு சுவரைவிடக் குறைவு. சங்கத்துக் கூட்டம் அடுத்த மாதம். அந்தப் பக்கத்துக்காரர்களில் இரண்டு பேரையும் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும் என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறேன்.